ஒருபொழுது நாட்களும் தவிட்டெண்ணெய் டின்னும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பதினோரு வருஷமாக யோசித்துவிட்டேன். நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் கோவிந்த நாமத்தை எழுதி, அதோடு மூடி வைத்த நாட்கள் எத்தனையோ. எனக்கு இரண்டு பயம். பெருமாளுக்கு இருக்கிற விரதத்தைக் குறை சொல்ல வந்துவிட்டான் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்பது ஒன்று. என் மனைவியின் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி எழுத வேண்டியிருக்கும் என்பது இன்னொன்று. அவர் நல்ல மனிதர். நான்தான் அவரிடம் நல்லபடி நடந்துகொள்ளவில்லை. என் மனைவியிடம் கேட்டேன். "என் கால்ல நடந்ததுதானே, எழுதுங்க. ஆனா உங்களுக்கு சாதகமா எழுதிக்காதீங்க" என்றாள். அப்படியே எழுதப் பார்க்கிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சித்தூருக்கும் திருப்பதிக்கும் ஓடுகிற ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். வீடு திருப்பதியில், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில். சொந்த ஊர் இரண்டு பேருக்கும் நகரிப் பக்கம். ஒரே மகளையும் அங்கேயே கட்டிக் கொடுத்துவிட்டதால் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். எண்பதுகளின் தொடக்கத்தில் என் மனைவிக்கு சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. அப்போது அவளுக்கு நாற்பது வயதுகூட நிறையவில்லை.

அந்த நாளில் சர்க்கரை பார்க்க இப்போதுபோல விரலில் குத்திப் பார்க்கிற வசதியெல்லாம் எங்களுக்கு இல்லை. ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் எட்டுச் சொட்டு மூத்திரத்தை விட்டு, விளக்கில் காட்டிக் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் அதிகம், செங்கல் நிறத்துக்கு வந்தால் ரொம்ப அதிகம். தினமும் காலையில் நான் வேலைக்குப் போகுமுன் இரண்டு பேரும் அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்போம். பெரும்பாலும் செங்கல்தான். இன்சுலின் புட்டியை ஈர மணல் போட்ட சட்டியில் வைத்திருந்தோம். ஊசியையும் கண்ணாடி சிரிஞ்சையும் கொதிக்க வைத்து நானே போடுவேன். இருபது யூனிட்டில் ஆரம்பித்தது முப்பதாகி, நாற்பதைத் தாண்டி, ஐம்பத்திரண்டுக்கு வந்தது. குழாயின் நிறம் மட்டும் மாறவில்லை.

அப்போதுதான் அவள் இடது காலின் சுண்டுவிரலில் ஒரு புண் வந்தது. திருச்சானூர்த் தாயார் கோயிலை வெறுங்காலோடு சுற்றியபோது கல் குத்திய இடம் அது. ஒரு மாசமாகியும் ஆறவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் வயதானவர், தெலுங்குக்காரர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார். புண்ணை அழுத்திப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏமய்யா கண்டக்டரு, ஊசி ஏறிக்கினே போவுது, சக்கரை எறங்கல. இப்படியே இருந்தா மொதல்ல இந்த விரல எடுக்கணும். அதுக்கப்புறம் பாதம். நான் பயமுறுத்தல, நடக்கறத சொல்றேன்."

"இன்னா சார் பண்றது?"

"வீட்ல சோறு ஜாஸ்தியா? சோத்த நிறுத்து. கோதுமை குடு. இனிப்பு தொடக்கூடாது."

பஸ்ஸில் நான் தலையை எண்ணுவேன், கிழித்த டிக்கெட்டை எண்ணுவேன். இரண்டும் ஒத்துவராவிட்டால் யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். பாகாலா தாண்டுவதற்குள் அந்த ஆளைக் கண்டுபிடித்துவிடுவேன். அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். சர்க்கரை டப்பாவின் வெளியே பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். வெல்ல உருண்டையை எண்ணினேன். மலைப் பிரசாத லட்டைப் பூட்டி வைத்தேன். அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் நான் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து குடைந்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மாள் காதில் விழுகிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்.

"செக்கிங் ஐயா வந்துக்கிறாரு. கடுகு, மெளகு எல்லாரும் அவங்கவங்க டிக்கெட்ட எடுத்து கையில வெச்சிக்கோங்க."

பக்கத்து வீட்டு அம்மாள் சிரித்தது எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் டப்பாவில் போட்ட கோடு கீழே இறங்கவே இல்லை. அவள் இனிப்பைத் தொடவில்லை. அப்படியானால் சர்க்கரை எங்கிருந்து வருகிறது?

என் சந்தேகம் எண்ணெய் டின்னின் மேல் விழுந்தது.

அவளுடைய அக்கா வீட்டுக்காரர் சித்தூரில் எண்ணெய்க் கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டில் எப்போதும் கடலெண்ணெய்தான். வேர்க்கடலை விளைகிற சீமையில் வேறு எண்ணெய் எதற்கு? அந்த எண்ணெயை அவள் கரண்டியில் அளந்து அளந்து விடுவாள். வியாதி வந்த வருஷம்தான் அக்கா வீட்டுக்காரர் ஒரு பதினைந்து கிலோ டின்னை பஸ்ஸிலேயே ஏற்றி அனுப்பினார். தவிட்டெண்ணெய். அரிசித் தவிட்டிலிருந்து எடுத்தது, மில்லில் சுத்தம் பண்ணி வருகிறது, நெஞ்சுக்கு நல்லது, சர்க்கரைக்காரர்களுக்கு ரொம்ப நல்லது, பயமில்லாமல் ஊற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார். அது தீர்ந்ததும் அடுத்த டின்.

எனக்கு அந்த எண்ணெயைப் பார்த்ததிலிருந்தே பிடிக்கவில்லை. கடலெண்ணெய் என்றால் அடுப்படியில் வாசனை வர வேண்டும். இதற்கு வாசனையே கிடையாது. நிறமும் வெளிறிப்போய் இருந்தது. வாசனை இல்லாத பண்டத்தில் எதை வேண்டுமானாலும் கலக்கலாமே! போதாததற்கு, எண்ணெய் மில்லில் வேலை செய்கிற ஒருவர், சந்திரகிரியில் ஏறியவர், பேச்சுவாக்கில் சொன்னார்: "தவுட்ட ஆட்டி எல்லாம் எண்ணெ எடுக்க முடியாது சார். பெட்ரோல் மாதிரி ஒண்ணு ஊத்துவாங்க. அது எண்ணெய இழுத்துக்கினு வரும். அப்புறம் காய்ச்சி அத ஓட்டிடுவாங்க."

"முழுசா ஓடிடுமா?"

"ஓடிடும்னுதான் சொல்றாங்க."

'சொல்றாங்க' என்ற அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. ஒரு சின்ன புட்டியில் அந்த எண்ணெயை ஊற்றித் தோல் பையில் போட்டுக்கொண்டு திரிந்தேன். பஸ்ஸில் படித்தவர் மாதிரித் தெரிந்தால் எடுத்துக் காட்டுவேன். ஒருவர் மோந்து பார்த்து மண்ணெண்ணெய் என்றார். ஒருவர் மாட்டுக் கொழுப்பு என்றார். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்து, "இது எண்ணெய்தான்" என்றார். அவரை மட்டும் நான் நம்பவில்லை.

அரை டின் எண்ணெயோடு ஒருநாள் சித்தூர் கடைக்கே போனேன். கடையில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"இன்னா சகலை, டின்னத் தூக்கிக்கினு வந்துட்ட? ஓட்டையா?"

"டின்னு நல்லாத்தான் இருக்குதுண்ணா. உள்ள இன்னா கலந்து கீதுன்னு சொல்லு."

"தவிடு. நீ துன்ற அரிசி மேல இருக்கிற தவிடு. மாடு துன்னா பால் குடுக்குது, நீ துன்னா சண்டைக்கு வர்ற."

"பெட்ரோல் ஊத்தித்தானே எடுக்கறாங்க?"

"உன் பஸ்ஸு டீசல்ல ஓடுது. இல்லன்னா ரெண்டு டின்னு இலவசமா குடுத்திருப்பேன், ஊத்தி ஓட்டிக்கினு போய்க்கினே இருக்கலாம்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் ஒரு டம்ளரை எடுத்து, என் டின்னிலிருந்தே ஊற்றி, எல்லாரும் பார்க்கப் பச்சையாகக் குடித்தார். வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "இப்ப நான் செத்தா உங்க அண்ணி உன்னத்தான் கேப்பா, பதில் ரெடி பண்ணி வெச்சிக்கோ" என்றார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குத்தான் விளையாட்டுப் புரியவில்லை. "கூடப் பொறந்த தங்கச்சிக்கே விஷத்தக் குடுத்து அனுப்பறீங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "டின்ன அங்கயே வெச்சிட்டுப் போ தம்பி" என்றார். அதுவரை என்னை அவர் தம்பி என்று கூப்பிட்டதே இல்லை, சகலைதான்.

அன்றிலிருந்து அக்கா வீட்டார் வருவதை நிறுத்திவிட்டார்கள். என் மனைவி அழுதாள். நான் செக்கில் ஆட்டின கடலெண்ணெயாக, கூடவே நின்று பார்த்து வாங்கிவந்தேன். நல்ல எண்ணெய்தானே, தாராளமாகச் செய் என்றேன். குழாயைக் கொதிக்க வைத்துப் பார்த்தால் அதே செங்கல் நிறம். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். நானோ செக்குக்காரன் மேல் சந்தேகப்பட்டேன். இன்சுலினில் தண்ணீர் கலந்திருப்பார்களோ என்று மருந்துக் கடைக்காரனைச் சந்தேகப்பட்டேன். மூன்று மாசம் இப்படியே போயிற்று. புண் சுண்டுவிரலைச் சுற்றிக் கறுத்துக்கொண்டே வந்தது.

வியாதி வந்ததிலிருந்து அவள் செய்துவந்ததையும் சொல்ல வேண்டும். அதில்தான் விஷயமே இருக்கிறது.

சின்ன வயதிலிருந்தே சனிக்கிழமை அவளுக்கு ஒருபொழுது. பெருமாளுக்காக. எங்கள் பக்கத்தில் ஒருபொழுது என்றால் அன்றைக்கு அன்னம் தொடமாட்டார்கள். பூஜை முடித்து ஒருதரம், விளக்கு வைத்தபிறகு ஒருதரம் பலகாரம் சாப்பிடுவார்கள். சர்க்கரை வந்ததும் திருத்தணி முருகனுக்கு என்று செவ்வாயும் சேர்ந்தது. ஊசி முப்பதைத் தாண்டியதும் தாயாருக்கு வெள்ளி. புண் வந்ததும் காளஹஸ்தி சிவனுக்குத் திங்கள். வியாதி ஒரு படி ஏறினால் இவள் ஒரு கிழமையைச் சேர்ப்பாள். எனக்கும் அது சம்மதம்தான். சொல்லப்போனால் வெள்ளிக்கிழமையைச் சேர்க்கச் சொன்னதே நான்தான். டாக்டரும் சோறு வேண்டாம் என்கிறார், சாமிக்கும் சோறு இல்லாத விரதம் என்றால் இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தோம்.

கடைசியில் விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரியில் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தாள். அங்கே எண்ணெய்ப் பண்டமே கிடையாது. ரொட்டி, பால், ஒரு கரண்டி சோறு, தண்ணியாகப் பருப்பு, வெந்த காய். புண்ணுக்கும் மருந்து போட்டார்கள். இரண்டாவது வாரம் ஒரு காலையில் குழாயில் பச்சை தெரிந்தது. நான் நம்பாமல் குழாயை வாங்கிப் பார்த்தேன். அடுத்த இரண்டாம் நாள் நீலம். அன்றைக்கே அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கை நடுங்கியது. சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கிவிட்டது என்று நர்ஸ் ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். அப்புறம் ஊசியைக் குறைத்தார்கள். ஐம்பத்திரண்டு நாற்பதாகி, முப்பதாகி, இருபத்துநாலில் நின்றது.

பார்த்தீர்களா, வீட்டு எண்ணெயில்தான் விஷம் என்று நான் நர்ஸிடம் ஜெயித்தவன் மாதிரிச் சொன்னேன். அந்த நர்ஸ் வேலூர்ப் பக்கத்துக்காரி, வாய் நீளம். நான் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு என் மனைவியின் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"வூட்ல இன்னாம்மா துன்னுவ? கெழமை கெழமையா சொல்லு. திங்கட்கெழமை?"

"ஒண்ணும் இல்லம்மா. ஒருபொழுது."

"செவ்வாய்?"

"ஒருபொழுதும்மா."

"வெள்ளி, சனி?"

"அதுவும் ஒருபொழுதுதான்."

"வாரத்துல நாலு நாள் பட்டினியா? ஊசி போட்டுக்கினு பட்டினி கெடந்தா நீ இன்னேரம் போய்ச் சேந்திருப்பியே. நெஜமாவே ஒண்ணும் துன்றதில்லையா?"

"அன்னம் தொடமாட்டேம்மா. பலகாரந்தான்."

"இன்னா பலகாரம்?"

"பூரி. உளுந்து வடை. சில நாள் கோதுமை அடை, போண்டா."

"எத்தினி பூரி?"

அவள் என்னைப் பார்த்தாள். "ஆறு... ஏழு. சோறு இல்லாத நாளும்மா, தாங்கணும் இல்ல?"

"ஒருவேளைக்கா?"

"ரெண்டு வேளையும் அப்படித்தாம்மா."

நர்ஸ் பேனாவை மூடினாள். "பூரியப் பட்டினின்னு எழுதற நோட்டு எங்கிட்ட இல்லம்மா" என்றாள். வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஐயா, எண்ணெயில கலப்படம்னு சொல்லிக்கினு இருந்தீங்களே, ஒரு டின்னு எத்தினி நாள் வரும்?" என்று கேட்டாள்.

"இரண்டரை மாசம்."

"வூட்ல எத்தினி பேரு?"

இரண்டே பேர் என்றேன். மாசத்துக்கு ஆறு கிலோ எண்ணெய், இரண்டு தலை. ஒவ்வொரு தலையாக எண்ணுகிற நான் இதை எண்ணவே இல்லை.

மாலையில் டாக்டர் வந்தார். நர்ஸ் எழுதியதைப் படித்ததும் தன் நெற்றியிலேயே தட்டிக்கொண்டார். "தப்பு என்னுதுதான். சோத்த நிறுத்துன்னு சொன்னேன், அதுக்கு பதிலா இன்னா துன்றேன்னு கேக்கல" என்றார். அவ்வளவு பெரிய டாக்டர் எங்களிடம் அப்படிச் சொல்லுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எனக்கு இன்னும் டின் மேல் சந்தேகம் போகவில்லை. "அப்ப தவிட்டெண்ணெயில ஒண்ணும் இல்லையா சார்?" என்று விடாமல் கேட்டேன்.

"இத பாருய்யா. உன் பஸ்ஸுல படிக்கட்டு வரைக்கும் ஜனம் நெறஞ்சிருக்கு. நீ விசில் ஊதினா ஸ்டாண்டுல நிக்கறவன் எங்க ஏறுவான்? ரோட்லதான் நிப்பான். உடம்பு பஸ்ஸு. சக்கரை ரோட்ல நிக்கற ஜனம். இன்சுலின் கண்டக்டரு. எண்ணெயும் கொழுப்பும் உள்ள நெறஞ்சு கெடந்தா கண்டக்டர் எவ்வளோ கத்தினாலும் பேச்சு எடுபடாது. நான் இன்னா பண்ணேன்? இன்னொரு கண்டக்டர அனுப்பினேன், இன்னும் ரெண்டு பேர அனுப்பினேன். ஏறுறதுக்கு எடம் இல்லையே."

"அது கடலெண்ணெயா இருந்தாலுமா?"

"எந்தத் தானியமா இருந்தா இன்னா, எந்தக் கொட்டையா இருந்தா இன்னா, மாவுல ஊற வெச்சு அவ்வளோ துன்னா அதுதான். தவிட்டெண்ணெ நல்லதுன்னு சொல்றவங்க இருக்காங்க. இருக்கலாம். எனக்கு உறுதியாத் தெரியாது. தெரியாதத நான் சொல்ல மாட்டேன். மருந்துன்னு நெனச்சு ஊத்தாத, அவ்வளோதான்."

தவிட்டெண்ணெய் விலை குறைவு, சர்க்கரைக்கு நல்லது என்று அக்கா வீட்டுக்காரர் சொல்லி அனுப்பியதும் அப்போதே அவள் கை தாராளமாகிவிட்டது. அளந்து விட்டவள் சட்டி நிறைய ஊற்ற ஆரம்பித்தாள். விரத நாள் கூடக்கூடச் சட்டி அடுப்பை விட்டு இறங்கவே இல்லை. அந்தச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு பூரி சாப்பிட்டுக்கொண்டே நான் எண்ணெயின் நிறத்தைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு ஒரே கவலை. வேண்டிக்கொண்ட கிழமைகளை எப்படி விடுவது? ஊசி போட்டுக்கொண்டு உண்மையான பட்டினி கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "சாமிகிட்ட குடுத்த வார்த்தைய டாக்டர் பேச்சக் கேட்டு வாபஸ் வாங்க முடியுமா?" என்றாள். ராத்திரியெல்லாம் அவள் தூங்கவில்லை என்பது மறுநாள் முகத்தில் தெரிந்தது. நான் குளித்துவிட்டு சாமி படத்தின் முன்னால் நின்று, செவ்வாய், வெள்ளி, திங்கள் மூன்றையும் அவளுக்குப் பதிலாக நான் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவளுக்குச் சனிக்கிழமை மட்டும். அன்றைக்கும் வேளை தவறாமல் வெந்த பாசிப்பயறும் மோரில் கரைத்த கேழ்வரகுக் கஞ்சியும். என் ஒருபொழுதில் பலகாரம் கிடையாது. முதல் மாசம் சந்திரகிரி வருவதற்குள் எனக்குக் கண் இருட்டும். "இப்பத்தான் உங்களுக்கு விரதம்னா இன்னான்னு தெரியுது" என்றாள். "உனக்கும்தான்" என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சிரித்தோம்.

சித்தூர் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் டீ வரவழைத்தார். குடித்து முடித்தபிறகு, "விரலு போச்சாமே" என்றார். அவர் கண்ணில் தண்ணீர். அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். ஆறு மாசம் கழித்துப் போனபோது அவர் கடைக்கு வந்த ஒருவரிடம், "என் சகலை சம்சாரத்துக்கு ஐம்பத்திரண்டு யூனிட்டு ஊசி பாதியாச்சு, எல்லாம் இந்த எண்ணெதான்" என்று என் எதிரிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். பொய் சொல்கிறோம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை என்று நினைக்கிறேன். அதே வருஷம் என் பஸ்ஸில் நகரிப் பக்கத்து அம்மாள் ஒருவர் இன்னொருவரிடம், திருப்பதியில் ஒரு கண்டக்டர் வீட்டில் தவிட்டெண்ணெய் சாப்பிட்டு விரல் அழுகி விழுந்துவிட்டதாம் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அந்தக் கண்டக்டரிடம்தான் டிக்கெட் வாங்கினார். நான் சில்லறையைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

இன்றைக்கும் யாராவது ஒரு எண்ணெயைக் காட்டி, இது சர்க்கரைக்கு நல்லது என்றால் என் மனசு உடனே சுருங்கிக்கொள்ளும். இது சர்க்கரைக்குக் கெடுதல் என்றாலும் அப்படித்தான். எவ்வளவு என்று முதலில் கேட்கிறேன். அந்த டின்னில் கலப்படம் இருந்ததா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இருந்திருக்கலாம். ஆனால் அதைத் தேடிக்கொண்டு திரிந்த மூன்று மாசத்தில்தான் விரல் போயிற்று.

ஆகவே இதைப் படிக்கிறவர்களை நான் கேட்டுக்கொள்வது, இதை யாருக்காவது சொல்ல நினைத்தால் இருக்கிறபடியே சொல்லுங்கள். எண்ணெயை மருந்தாக்க வேண்டாம், விஷமாகவும் ஆக்க வேண்டாம். பெருமாள் விரதத்தின் மேல் பழி போட வேண்டாம். பெருமாள் பூரி கேட்கவில்லை. கண்டக்டர் மரியாதை போகுமே என்று சித்தூர் கடைச் சண்டையை விட்டுவிடாதீர்கள். வெள்ளிக்கிழமையைச் சேர்க்கச் சொன்னவன் நான் என்பதையும் விடாதீர்கள். வேளைக்கு ஆறு ஏழு பூரி, இரண்டு வேளை என்று சொல்லும்போது கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். இடது காலில் ஒரு விரல் போனது, பாதம் தப்பியது. இப்போது ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, காலை ஒரு பக்கம் சாய்த்து வைத்து, கடைத்தெரு வரைக்கும் அவளே நடந்து போய்வருகிறாள். அதையும் இவ்வளவே சொல்லுங்கள்.